சென்னையில் புதிதாகத் திறந்த பர்கர் கடைக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா நகர், நுங்கம்பாக்கம், வேளச்சேரி, ஓ.எம்.ஆர். என்று எந்தப் பக்கம் போனாலும் புதிதாக ஒரு பர்கர் கடையின் பெயர்ப்பலகை கண்ணில் படுகிறது. பிள்ளைகள் கூட்டிப்போகச் சொல்கிறார்கள், ஆபீஸ் நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். போகிறவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான் என்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு பர்கரை நான் எடை போடுவது பன்னையும், நடுவில் இருக்கும் பேட்டீஸ் என்கிற வட்டக் கறியையும் வைத்துத்தான். சீஸும் சாஸும் அப்புறம். கீழே வரும் பதில்களில் பாதி இந்தப் பிடிவாதத்திலிருந்து வருபவை. மீதி, காசு கொடுத்துச் சாப்பிடும் நாம் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய விஷயங்கள்.

திறந்த முதல் வாரமே போகலாமா?

போகக் கூடாது என்றில்லை. ஆனால் நான் யாரையும் போகச் சொல்வதில்லை. புதிய சமையலறையில் ஆட்கள் ஒருவருக்கொருவர் பழகவே சில நாள் ஆகும். கல்லில் எந்தப் பக்கம் சூடு அதிகம், ஒரே நேரத்தில் எத்தனை பேட்டீஸ் போடலாம், ஆன்லைன் ஆர்டரும் மேசை ஆர்டரும் சேர்ந்து வந்தால் எதை முதலில் முடிப்பது என்பதெல்லாம் வேலை செய்யச் செய்யத்தான் பிடிபடும்.

இதோடு திறப்பு விழாச் சலுகையும் சேர்ந்துகொள்ளும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் வாசல் வரை வரிசை நிற்கும். அந்த நேரத்தில் கல் முழுக்க இடைவெளி இல்லாமல் இறைச்சியைப் பரப்புவார்கள். குளிர்ந்த இறைச்சி நிறைய விழுந்ததும் கல்லின் சூடு இறங்கிவிடும். இறைச்சி வறுபடுவதற்குப் பதிலாகத் தண்ணீர் விட்டு அந்தத் தண்ணீரிலேயே வேகும். அப்படி வெந்த பேட்டீஸ் சாம்பல் நிறத்தில், சப்பென்று இருக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டுக் கடையே சரியில்லை என்று முடிவு கட்டினால் அது கடைக்கும் நியாயமில்லை, உங்களுக்கும் நஷ்டம்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, வார நாளில், பகல் 12 மணிக்கோ மாலை 5 மணிக்கோ போய்ப் பாருங்கள். கல் சூடாக இருக்கும், ஆட்களுக்கு நேரம் இருக்கும், கேட்டதற்கு நின்று பதில் சொல்வார்கள். சனிக்கிழமை இரவு 8 மணி எந்தக் கடைக்குமே சோதனையான நேரம்.

முதல் தடவை எதை ஆர்டர் செய்வது?

மெனுவில் இருப்பதிலேயே எளிமையானதை. பன், பேட்டீஸ், ஒரு சீஸ், கொஞ்சம் வெங்காயம், ஊறவைத்த வெள்ளரி. அவ்வளவு போதும். கடையின் பெயரைத் தாங்கிய பர்கர் என்று ஒன்று இருக்கும். மூன்று மாடி உயரத்தில், உருகிய சீஸ் வழிய, பெரி பெரி தூள் தூவி, நாச்சோஸ் நொறுக்கிப் போட்டு வரும். படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் இறைச்சியின் ருசி என்ன, பன் நல்ல பன்னா என்று எதுவும் தெரியாது. காரமும் உப்பும் எல்லாவற்றையும் மூடிவிடும்.

எளிய பர்கரில் மறைக்க இடமில்லை. கையில் எடுத்ததும் பன்னை லேசாக அழுத்திப் பாருங்கள். அமுங்கி மீண்டும் எழ வேண்டும். உள்பக்கம் வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டியிருக்க வேண்டும். வாட்டிய பக்கம் சாறு சீக்கிரம் ஊறாது, அதனால் கடைசிக் கடி வரை பன் கையில் நிற்கும். வாட்டாத பன் நான்காவது கடியிலேயே கூழாகிவிடும். அடுத்து, சாஸ் படாத ஓரமாகப் பார்த்துப் பேட்டீஸை மட்டும் ஒரு கடி கடித்துப் பாருங்கள். கறியின் ருசி முன்னால் வந்து உப்பு அதற்குத் துணையாக நின்றால் சமையல்காரருக்கு வேலை தெரிகிறது. அடுத்த முறை தாராளமாக அந்த மூன்று மாடி பர்கரை வாங்கலாம்.

இன்னொன்றும் பாருங்கள். பேட்டீஸ் பன்னின் ஓரத்தைத் தொட வேண்டும், கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. நடுவில் சிறு வட்டமாக உட்கார்ந்திருந்தால் பாதிக் கடி வெறும் ரொட்டிதான்.

நம் ஊர் பேக்கரி பர்கருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் வேறு வேறு தின்பண்டங்கள். பேக்கரியில் கிடைப்பது லேசாக இனிக்கும் பன், உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் சேர்ந்த கட்லெட், பச்சை வெங்காயம், தக்காளி சாஸ். டீயோடு சாப்பிட எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். அதில் கட்லெட் முன்பே பொரித்து வைத்தது, சூடு பண்ணிக் கொடுப்பார்கள். புதிய கடைகளில் ஆர்டர் வந்த பிறகு கல்லில் போடுகிறார்கள். விலையிலும் காத்திருக்கும் நேரத்திலும் உள்ள வித்தியாசத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். ஆர்டர் கொடுத்த இரண்டு நிமிடத்தில் கைக்கு வந்துவிட்டால் அது முன்பே செய்து வைத்தது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனால் கோபப்படாதீர்கள்.

எல்லாக் கடையிலும் ஸ்மாஷ் பர்கர் என்கிறார்களே, அப்படி என்றால் என்ன?

கொத்திய இறைச்சியை உருண்டையாகப் பிடித்து, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் வைத்து, கனமான கரண்டியால் தட்டையாக நசுக்குவது. அவ்வளவுதான் செய்முறை. ஆனால் அதில் நேரம் முக்கியம். கல்லில் விழுந்த முதல் அரை நிமிடத்துக்குள் அழுத்திவிட வேண்டும். அப்போது கொழுப்பு இன்னும் உருகியிருக்காது, அதனால் சாறு வெளியேறாது. அடிப்பக்கம் முழுதும் கல்லோடு ஒட்டி, செம்பழுப்பாக ஒரு மொறுமொறுப்புப் படியும். பிறகு தட்டைக் கரண்டியால் அந்தப் படிவு விட்டுப்போகாமல் சுரண்டி எடுத்து ஒரே ஒரு தடவை திருப்பிப் போட்டு, மேலே சீஸ் வைப்பார்கள். திருப்பிய பிறகும் அழுத்திக்கொண்டே இருப்பவர் சாற்றையெல்லாம் கல்லுக்குக் கொடுக்கிறார்.

அந்தச் செம்பழுப்பு வெறும் நிறம் மட்டும் இல்லை. இறைச்சியிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் அதிகச் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான வாசனைப் பொருட்களை உண்டாக்குகின்றன. லூயி கமீல் மய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-ல் இதைப் பற்றி எழுதினார், அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நெய் ரோஸ்ட்டின் சிவந்த ஓரத்தில் வரும் வாசனைக்கும் இதுதான் காரணம். தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, இந்த வினையோ 140 டிகிரிக்கு மேல்தான் வேகம் எடுக்கும். கல் நிறைய இறைச்சியை அடுக்கக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இதுதான் விளக்கம்.

ஸ்மாஷ் என்று மெனுவில் இருந்தால் மெல்லிய இரண்டு பேட்டீஸ் போட்டதை வாங்குங்கள். ஒரே தடிமனான பேட்டீஸைவிட மெல்லிய இரண்டில் மொறுமொறுப்பான பரப்பு இரண்டு மடங்கு. ஓரம் லேஸ் துணி போலச் சுருங்கி, கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வழவழவென்று அச்சில் வார்த்த வட்டமாக வந்தால் அது உறைய வைத்து வாங்கியது, பெயர்தான் ஸ்மாஷ்.

சிக்கனா, மட்டனா, பீஃபா?

ஸ்மாஷ் முறை கொழுப்பை நம்பிய முறை. கொத்துக்கறியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தால் நன்றாக வரும். மாட்டிறைச்சியில் அது எளிது. தமிழ்நாட்டில் மாட்டிறைச்சி விற்கத் தடை இல்லை, சென்னையில் சில பர்கர் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் பெரிய பன்னாட்டுக் கடைகள் இந்தியாவில் அதைத் தொடுவதில்லை. மெக்டொனால்ட்ஸ் 1996-ல் டெல்லியில் முதல் கடையைத் திறந்தபோதே மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாமல்தான் தொடங்கியது. பீஃப் என்று எழுதியிருந்தால் மாடா, எருமையா என்று கேட்கலாம். பதில் தெரிந்து வைத்திருப்பது கடையின் கடமை.

நம் ஊர் மட்டன் பெரும்பாலும் வெள்ளாடு, கொழுப்பு குறைவு. கொழுப்பைத் தனியாகச் சேர்த்துக் கொத்தினால் அருமையாக இருக்கும், சேர்க்காவிட்டால் வறண்டுபோகும். சிக்கனில் நெஞ்சுக்கறியை மட்டும் அரைத்த பேட்டீஸ் எனக்குப் பிடிப்பதில்லை, தொடைக்கறி சேர்ந்தால்தான் ஈரம் நிற்கும். சிக்கன் என்றால் நான் கொத்திய பேட்டீஸை விட்டுவிட்டு, முழுத் தொடைக்கறியை மோரில் ஊறவைத்து மாவில் புரட்டிப் பொரித்ததைத்தான் வாங்குவேன். பொரித்த சிக்கன் பர்கரில் சென்னைக் கடைகள் நிஜமாகவே நல்ல நிலைக்கு வந்திருக்கின்றன.

உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் சாப்பிடலாமா?

சிக்கன் என்றால் சாப்பிடவே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். ஆடு, மாடு என்றாலும் கொத்திய இறைச்சியாக இருந்தால் நான் திருப்பித்தான் கொடுப்பேன்.

முழுத் துண்டாக வறுக்கும் ஸ்டேக் உள்ளே சிவப்பாக இருக்கலாம், பர்கர் ஏன் கூடாது என்று சிலர் கேட்கிறார்கள். முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், கல்லில் பட்டதும் செத்துவிடும். அதே கறியைக் கொத்தினால் மேற்பரப்பில் இருந்தது முழுக்கக் கலந்து நடுவுக்குப் போய்விடும். அதனால்தான் கொத்திய ஆடு, மாட்டு இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸும் கோழி 74 டிகிரியும் தொட வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. அமெரிக்காவில் 1993-ல் சரியாக வேகாத பர்கர்களால் ஈ. கோலை தொற்று பரவி 700 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஊரில் பர்கர் சமைக்கும் விதிகளே அதற்குப் பிறகு மாறின.

எப்படி வேக வைக்கட்டும் என்று கடையில் கேட்டால், முழுதாக வெந்தே வரட்டும் என்று சொல்லிவிடுங்கள். மெல்லிய ஸ்மாஷ் பேட்டீஸ் முழுதும் வெந்தாலும் வறண்டுபோகாது. தடிமனான பேட்டீஸ் போடும் கடையில்தான் இந்தப் பேச்சே வரும்.

மயோனைஸுக்குத் தடை என்றார்களே, பர்கரில் ஊற்றுகிறார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்க, சேமிக்க, விற்கத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-ன் கீழ் வந்த ஆணை அது. கேரளமும் தெலங்கானாவும் அதற்கு முன்பே இதே போன்ற நடவடிக்கை எடுத்திருந்தன.

காரணம் எளிது. பச்சை மஞ்சள்கருவில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தால் மயோனைஸ் வரும். எந்தக் கட்டத்திலும் அது அடுப்பைப் பார்ப்பதில்லை. முட்டையில் சால்மொனெல்லா என்ற கிருமி இருந்தால் அப்படியே மயோனைஸுக்கு வந்து சேரும். சென்னை வெயிலில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் மூன்று மணி நேரம் வைத்தால் பல மடங்கு பெருகும்.

முட்டை சேர்க்காத மயோனைஸ் இந்தத் தடையில் வரவில்லை. பால் புரதமோ சோயா புரதமோ வைத்து அதே பதத்தைக் கொண்டுவருகிறார்கள். அதனால் கவுன்ட்டரில் இப்படிக் கேளுங்கள்: "மயோ நீங்களே செய்றதா, வாங்குறதா? முட்டை சேர்க்கிறீங்களா?" கடையின் ரகசிய சாஸ் என்று பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் மயோனைஸ், கெட்சப், நறுக்கிய ஊறவைத்த வெள்ளரி, கொஞ்சம் மிளகுத்தூள் சேர்ந்ததுதான். பூண்டு ஐயோலி, கோல்ஸ்லா, டார்ட்டர் சாஸ் எல்லாவற்றுக்கும் அடிப்படை மயோனைஸ். ஆகவே மயோ வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, சாஸில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அரசாணையின் காலம் எதுவானாலும் நான் இதைக் கேட்பதை நிறுத்தப் போவதில்லை. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் கூட வந்தால் சாஸே இல்லாமல் வாங்குவது இன்னும் நல்லது.

சிறு பொட்டலத்தில் வரும் மயோனைஸைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் பிரிக்கிற பழக்கம் இருந்தால், பொட்டலத்தின் மேல் இருக்கும் தேதியைப் பாருங்கள். கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்ததை மிச்சம் வைக்கவே வேண்டாம்.

நாங்கள் சைவம். அங்கே சாப்பிடலாமா?

சாப்பிடலாம், நான்கு விஷயம் தெரிந்தால். முதலில் பன். பிரியோஷ் பன் என்றால் அதில் வெண்ணெயோடு முட்டையும் உண்டு. மேலே பளபளப்புக்கு முட்டை தடவுவதும் வழக்கம். முட்டை சாப்பிடாதவர்கள் சாதாரண பன் கேளுங்கள். இரண்டாவது சாஸ், மேலே சொல்லிவிட்டேன். மூன்றாவது எண்ணெய். பிரெஞ்ச் ஃபிரைஸ் உருளைக்கிழங்குதான், ஆனால் சிக்கன் பொரித்த அதே எண்ணெயில் பொரித்தால் உங்களுக்குச் சம்மதமா? பெரிய கடைகளில் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கும். சின்னக் கடையில் ஒரே ஒரு ஃபிரையர்தான் இருக்க வாய்ப்பு அதிகம். நான்காவது, கல். பன்னைக் கறி வறுத்த கல்லிலேயே வாட்டுவார்களா என்று கேளுங்கள்.

மெனுவில் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். அந்தக் குறி பண்டத்தில் என்ன சேர்கிறது என்பதைத்தான் சொல்லும். எண்ணெயைப் பற்றி வாயைத் திறந்துதான் கேட்க வேண்டும். உருளைக்கிழங்கு டிக்கியைத் தாண்டி எதுவும் இல்லாத கடையாக இருந்தால் எனக்கு வருத்தம்தான். காளானைப் பெரிய துண்டாக வறுத்தோ, ராஜ்மாவை மசித்துக் கல்லில் வாட்டியோ அருமையான சைவ பர்கர் செய்ய முடியும்.

ஹலால் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேட்பதுதான் வழி. சான்றிதழ் இருந்தால் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் இறைச்சி எங்கிருந்து வருகிறது என்று மேலாளரிடம் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் கடையில் சாப்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

பில்லில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதாவது மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5. தனியாக நடக்கும் உணவகங்களுக்கு, ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே வரிதான். காம்போசிஷன் திட்டத்தில், அதாவது விற்பனையில் ஒரு சிறு பங்கைக் கடையே வரியாகக் கட்டும் முறையில், பதிவு செய்த சிறு கடை என்றால் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி. வாங்கவே கூடாது.

சேவைக் கட்டணம் என்று 5 அல்லது 10 சதவீதம் தானாகவே சேர்ந்திருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது. உணவகச் சங்கங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த வழிகாட்டுதலை ஏற்றுத் தீர்ப்பளித்தது. எடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பரிமாறிய தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்க நினைத்தால் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும். புதிய கடையில் முதல் முறை சாப்பிடும்போது நான் தவறாமல் பார்ப்பது அதைத்தான்.

காம்போ வாங்கினால் லாபமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பர்கர் 249 ரூபாய், காம்போ 379 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் 130 ரூபாய்க்கு ஃபிரைஸும் ஒரு கோலாவும். கோலா குடிக்கும் எண்ணமே இல்லாதவர் ஃபிரைஸை மட்டும் 99 ரூபாய்க்கு வாங்கினால் 31 ரூபாய் மிச்சம். இரண்டு பேர் போனால் இரண்டு பர்கர், நடுவில் ஒரே ஒரு ஃபிரைஸ் போதும். ஃபிரைஸும் குளிர்பானமும்தான் கடைக்கு அதிக லாபம் தருபவை, காம்போவைத் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்தால், சாதாரணக் குடிநீர் போதும் என்று சொல்லலாம்.

இவ்வளவு பெரிய பர்கரை எப்படிச் சாப்பிடுவது?

சுற்றி வந்த காகிதத்தை முழுக்கப் பிரிக்காதீர்கள். பாதி வரை மடித்து, கீழ்ப்பாதியைக் காகிதத்தோடு பிடித்துக்கொண்டால் சாறு கையில் வழியாது. இரண்டு கையும் வேண்டும். கட்டை விரலும் சுண்டு விரலும் அடியில், மற்ற மூன்று விரல்களும் மேலே. அடிப்பன் மெலிசாக இருந்து ஊறிவிட்டால் பர்கரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள், மேல்பன் தடிமனானது, தாங்கும்.

அப்பா, அம்மாவைக் கூட்டிப்போனால் இரண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது கத்தி கேளுங்கள். பல் செட் வைத்தவர்களுக்குப் பொரித்த சிக்கனைவிட ஸ்மாஷ் பேட்டீஸ் எளிது. அடுக்கைப் பிரித்துத் தட்டில் போட்டு முள்கரண்டியால் சாப்பிடுவதிலும் ஒரு தவறும் இல்லை. ஆறவிடாமல் சாப்பிடுவதுதான் முக்கியம். வந்த பத்து நிமிடத்துக்குள் சாப்பிட வேண்டிய பண்டம் இது. படம் எடுப்பதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கு அடிக்கடி வாங்கிக் கொடுக்கலாமா?

எப்போதாவது என்றால் மனநிறைவோடு வாங்கிக் கொடுங்கள். அடிக்கடி என்றால் நான் கவலைப்படுவது கொழுப்பைவிட உப்பைப் பற்றி. ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்கே 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பன், சீஸ், சாஸ், ஊறவைத்த வெள்ளரி, ஃபிரைஸ் என்று எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. ஃபிரைஸில் உப்பு வேண்டாம் என்று சொல்லி வாங்கினால் புதிதாகப் பொரித்தும் தருவார்கள். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. அதை விட்டுவிட்டு எலுமிச்சைச் சாறு சர்க்கரை குறைவாகக் கேளுங்கள்.

பத்து இடங்களில் அல்லது அதற்கு மேல் கிளை உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி அளவைக் காட்ட வேண்டும் என்பது 2022-லிருந்து விதி. ஒற்றைக் கடைக்கு அது பொருந்தாது. எள், கோதுமை, பால், கடுகு ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், பன்னின் மேல் தூவிய எள்ளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எண்ணெய் நல்லதா என்று கடையில் உட்கார்ந்தபடியே தெரியுமா?

ஓரளவு தெரியும். ஃபிரைஸ் வெளிர்மஞ்சளாக, உருளைக்கிழங்கு வாசனையோடு வர வேண்டும். அடர்பழுப்பாக, நாக்கில் கசப்பும் பிசுபிசுப்பும் ஒட்டினால் எண்ணெய் பல முறை காய்ந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018-லிருந்து விதி இருக்கிறது. அதை அளக்கக் கையடக்கக் கருவியே உண்டு. எண்ணெயை எப்போது மாற்றுகிறீர்கள் என்று கேளுங்கள், நல்ல கடைக்காரர் விரிவாகவே சொல்வார்.

ரீல்ஸும் ரிவியூவும் பார்த்து நம்பலாமா?

முதல் வாரத்து ரீல்ஸ் பெரும்பாலும் கடை அழைத்து எடுத்தவை. பணமோ இலவசச் சாப்பாடோ வாங்கியிருந்தால் விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்பது 2021-ல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் கொண்டுவந்த விதி. அந்தக் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். ரிவியூவில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தள்ளிவிட்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று நிதானமாக எழுதுபவர்கள் அவர்கள்தான். பலர் ஒரே குறையைச் சொன்னால், உதாரணமாகப் பன் ஊறிப்போகிறது என்றால், அது அந்தச் சமையலறையின் பழக்கம்.

போய்வர வசதி?

மாலையில் காரில் போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். அண்ணா நகர் என்றால் டவர், கிழக்கு என இரண்டு மெட்ரோ நிலையங்கள் இருக்கின்றன. தேனாம்பேட்டை, நந்தனம் பக்கமும் மெட்ரோ உதவும். இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் திருப்பிவிட்ட பாதையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆர்டர் மாறிப்போனால், ஆறி வந்தால் எப்படிச் சொல்வது?

உடனே சொல்லுங்கள், ஒரு கடிக்கு மேல் சாப்பிடாமல். "தம்பி, இது நாங்க கேட்டது இல்ல, பில்லைப் பாருங்க, மாத்திக் கொடுங்க" என்றால் போதும். கவுன்ட்டரில் இருப்பவர் வடகிழக்கிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்தவராக இருக்கலாம், தமிழ் இன்னும் பழகியிருக்காது. பில்லில் விரல் வைத்துக் காட்டினால் புரிந்துகொள்வார். குரலை உயர்த்தத் தேவையில்லை. புதிய கடைகள் இந்த விஷயத்தில் பொதுவாக மறுபேச்சின்றி மாற்றித் தருகின்றன.

சாப்பிட்டபின் வயிற்றுக்கு ஆகாமல் போனால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுக்கலாம், ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலும் பதியலாம். உரிம எண் அப்போது கை கொடுக்கும்.

வீட்டுக்கு வரவழைத்தால் அதே ருசி வருமா?

வராது. மூடிய பெட்டிக்குள் சூட்டின் ஆவி பன்னிலும் ஃபிரைஸிலும் இறங்கி இரண்டையும் துவளவிடும். பக்கத்துத் தெருவிலிருந்து வந்தால் சரி, அரை மணி நேரப் பயணம் என்றால் வேண்டாம். ஆனாலும் வரவழைப்பதாக இருந்தால் சாஸும் காய்கறியும் தனியாகக் கேளுங்கள். பொரித்த சிக்கனைவிட ஸ்மாஷ் பர்கர் ஓரளவு தாங்கும்.

வந்ததும் பிரித்து வையுங்கள். இலையையும் தக்காளியையும் எடுத்துத் தனியே வையுங்கள். தோசைக்கல்லை எண்ணெய் இல்லாமல் காயவைத்து, பன்னின் உள்பக்கம் படும்படி ஒரு நிமிடம் வாட்டுங்கள். பேட்டீஸை அதே கல்லில் மூடி போட்டு, கை வைக்க முடியாத சூடு வரும் வரை வைத்து எடுங்கள். ஃபிரைஸை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடும். கல்லில் பரப்பிப் புரட்டுங்கள், ஏர் ஃபிரையர் இருந்தால் 180 டிகிரியில் நாலைந்து நிமிடம். மிச்சமானதை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், மே மாத வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம்.